லேசிக் செய்து வருடங்கள் ஓடிய பிறகு: நாற்பதைத் தாண்டியவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. 2000-களில் சென்னைக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ போய், கண் பவரை லேசரால் எடுக்கும் லேசிக் ஆபரேஷன் செய்துகொண்ட கல்லூரிப் பிள்ளைகள் இப்போது நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிறார்கள். சிலர் ஊர் திரும்பி நிலத்தைப் பார்க்கிறார்கள். சிலர் பொங்கலுக்கு வரும்போது கடைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன என்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. உங்கள் கண்ணைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் கண் மருத்துவர். இங்கே இருப்பது பொது விளக்கம்.

24 வயதில் லேசிக் செய்தேன். இப்போது 43. செல்போன் எழுத்தைப் படிக்கக் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கொட்டிய பணம் வீணா?

வீணில்லை. தூரத்தில் வரும் பஸ் போர்டைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறீர்கள் அல்லவா? லேசர் செய்தது அதற்காகத்தான், அது இன்னும் வேலை செய்கிறது. இப்போது வந்திருப்பது வெள்ளெழுத்து.

லேசர் தொட்டது கருவிழியை, அதாவது கண்ணுக்கு முன்னால் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல இருக்கும் பகுதியை. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க வளைந்து கொடுப்பது அதற்குப் பின்னால் உள்ளே இருக்கும் லென்ஸ். அந்த லென்ஸ் வயது ஏற ஏற விறைத்துப்போகிறது. நாற்பதை ஒட்டி +1.00 அளவில் படிக்கும் கண்ணாடி தேவைப்படும், அறுபதுக்குள் +2.00, +2.50 வரை போய் அதோடு நிற்கும். லேசர் செய்தவர், செய்யாதவர், பிறந்ததிலிருந்து கண்ணாடியே போடாதவர், எல்லோருக்கும் இது உண்டு. ஆபரேஷன் செய்த நாளிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். 24 வயதுப் பையன் காதில் அது ஏறியிருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆனால் என் அண்ணன் லேசிக் செய்யவில்லை. மைனஸ் பவர்காரர். 50 வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறார். அப்படியானால் நான் ஏமாந்துவிட்டேனா?

நியாயமான கேள்வி. உங்கள் அண்ணனுக்குக் கிடைத்திருக்கும் சலுகையை நீங்கள் 24 வயதில் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். மைனஸ் 2.50 பவர் உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் 40 சென்டிமீட்டர் தூரம் எந்த வயதிலும் தெளிவாகத் தெரியும். பேப்பர் படிக்க அது சரியான தூரம். மைனஸ் 3 என்றால் 33 சென்டிமீட்டர். லேசர் அந்த மைனஸை எடுத்துவிட்டது. கூடவே அந்த வசதியும் போய்விட்டது.

அதனால்தான் திருபுவனத்துப் பட்டுத் தறிக்காரர்களும், சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்குக் கண் திறக்கிறவர்களும், நகைப் பட்டறைக்காரர்களும் 35 வயதுக்கு மேல் லேசிக் என்று வந்தால் கொஞ்சம் யோசிக்கச் சொல்கிறேன். பிழைப்பே கிட்டத்துப் பார்வையில் இருக்கிறது. இரண்டு, மூன்று மைனஸ் அவர்களுக்கு முதலீடு மாதிரி. லாரி ஓட்டுநருக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன்.

நடுவழி ஒன்று உண்டு. ஒரு கண்ணைத் தூரத்துக்கு முழுதாகச் சரிசெய்துவிட்டு, இன்னொரு கண்ணில் மைனஸ் 1.25, 1.50 அளவு விட்டுவைப்பார்கள். இதற்கு மோனோவிஷன் என்று பெயர். சிலருக்கு ஒரே வாரத்தில் பழகிவிடும், சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். ஆழம் கணிப்பதும் சற்றுக் குறையும். முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு அதே ஏற்பாட்டைச் சில நாள் பழகிப் பார்க்காமல் யாரும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டாம்.

தூரப் பவரும் திரும்ப வருமா?

பலருக்கு வராது. சிலருக்குக் கொஞ்சம் வரும். எவ்வளவு பவரை எடுத்தார்கள் என்பது இதில் பெரிய விஷயம். மைனஸ் 2, 3 எடுத்தவர்களைவிட மைனஸ் 8, 9 எடுத்தவர்களுக்கு அரை, முக்கால், ஒன்று என்று திரும்பி வருவது அதிகம். பிளஸ் பவருக்கு லேசர் செய்தவர்களிடமும் அப்படித்தான்.

ஐம்பதுக்கு மேல் மைனஸ் வந்தால் மட்டும் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். உள்ளே இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி பழுப்பேறிக் கண்புரை ஆகத் தொடங்கும்போது கண் மைனஸ் பக்கம் நகரும். "படிக்கிற கண்ணாடியே இப்பல்லாம் வேண்டியதில்லை, பார்வை திரும்பிடுச்சு" என்று சந்தோஷமாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரகம். இதை லேசிக் தேய்ந்துவிட்டதாக நினைத்து மறுபடி லேசருக்குப் போய் நிற்பது தப்பு. புரையைத்தான் பார்க்க வேண்டும்.

"லேசர் செய்தவர்களுக்கு வயதானால் பவர் மாறிக்கொண்டே போகும்" என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. அதன் வேர் 1980-களில் நடந்த வேறொரு சிகிச்சையில் இருக்கிறது. ஆர்.கே. என்பார்கள். கருவிழியில் கத்தியால் சக்கரத்தின் ஆரக்கால்போலக் கீறல் போடுவது. அமெரிக்காவில் அப்படிச் செய்துகொண்டவர்களை 10 ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் 43 சதவீதக் கண்கள் ஒரு டயாப்டரோ (கண் பவரின் அலகு) அதற்கு மேலோ பிளஸ் பக்கம் நகர்ந்திருந்தன. லேசிக் வேறு வகை. கீறல் போட்டு வளைவை மாற்றாமல், 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரால் திசுவை மெல்லிய அளவில் ஆவியாக்கி எடுக்கிறார்கள். இந்த லேசர் சூடு வைக்காமல் உயிர்த்திசுவைச் சீவும் என்பதை 1981-இல் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பிலும் குருத்தெலும்பிலும்தான் முதலில் சுட்டுப் பார்த்தார்.

அப்படியானால் இன்னொரு தரம் லேசர் வைத்துக்கொள்ளலாமா?

கருவிழியில் கையிருப்பு இருந்தால் முடியும். கணக்கு எளிது. 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு டயாப்டர் எடுக்க ஏறத்தாழ 12 மைக்ரான் செலவு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). உங்கள் கருவிழி 530 மைக்ரான், லேசர் வைப்பதற்காக மேலே மெல்லிசாக வெட்டித் தூக்கிய மடல் 110, எடுத்த பவர் 6 என்றால் 72 மைக்ரான் போயிற்று. மடலுக்கு அடியில் மீதி 348. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான எல்லை, பலர் 300 வைத்துக்கொள்கிறார்கள். ஆக இவருக்கு இடம் இருக்கிறது. 500 மைக்ரான் கருவிழியில் அதே மடலோடு 10 பவர் எடுத்தவருக்கு மீதி 270தான், அவருக்குக் கண்ணாடியே நல்லது. முக்கால் பவருக்காக மீண்டும் ஆபரேஷன் மேசையில் ஏற வேண்டுமா என்று நான் எல்லோரையும் கேட்பேன். ராத்திரி வண்டி ஓட்ட மட்டும் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டால் முடிந்தது.

கருவிழி மெலிந்து பிதுங்கிவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். பயமாக இருக்கிறது.

எக்டேசியா என்பார்கள். உண்மைதான், ஆனால் அரிது. ஏற்கெனவே கருவிழி பலவீனமாக இருந்து அது கண்டுபிடிக்கப்படாமல் லேசர் செய்தவர்களுக்கும், மீதி குறைவாக விடப்பட்டவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்தும் தலைகாட்டலாம். சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளையாததால் வருவது) ஏறிக்கொண்டே போவது, கண்ணாடி மாற்றியும் தெளிவு வராமல் எழுத்துக்கு நிழல் விழுவது, இவை வந்தால் கருவிழியின் வளைவை வரைபடமாக எடுக்கும் டோபோகிராபி பரிசோதனை செய்ய வேண்டும். சீக்கிரம் பிடித்துவிட்டால் ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொடுத்துக் கருவிழியை இறுக்கும் சி3ஆர் சிகிச்சையால் பெரும்பாலானவர்களுக்கு அதை மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம். போன வளைவு முழுதாகத் திரும்பாது.

ஒரு வேண்டுகோள்: கண்ணைக் கசக்காதீர்கள். புறங்கையால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் கருவிழிக்கு ஆகாது.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. எனக்கும் புரை வந்தால் லேசிக் செய்திருப்பது தடையாகுமா?

தடையில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லென்ஸுக்கு ஒரு பவர் உண்டு. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, சூத்திரத்தில் போட்டு அதைக் கண்டுபிடிக்கிறார்கள். வழக்கமான கருவி கருவிழியின் முன்பக்க வளைவை மட்டும் அளந்து, பின்பக்கம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளும். சாதாரணக் கண்ணில் அந்த ஊகம் சரி. லேசிக் செய்த கண்ணில் முன்பக்கம் தட்டையாகிவிட்டது, பின்பக்கம் பழையபடி. ஊகம் தப்புகிறது. போதாததற்கு, தட்டையான கருவிழியைப் பார்த்துப் பழைய சூத்திரங்கள் லென்ஸ் உட்காரப்போகும் ஆழத்தையும் தவறாகக் கணிக்கின்றன. இரண்டு தவறும் ஒரே திசையில் சேர்ந்து, தேவையைவிடக் குறைந்த பவர் லென்ஸ் உள்ளே போய்விடும். கட்டைப் பிரித்துப் பார்த்தால் பிளஸ் பவர். கண்ணாடி இல்லாமல் தூரமும் சரியில்லை, கிட்டமும் சரியில்லை.

இதற்கென்றே பாரெட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல், ஷாமாஸ் போன்ற சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தான். மடலின் ஓரம் நுண்ணோக்கியில் மெல்லிய கோடாகத் தெரியும், அவசரத்தில் கண்ணில் படாமலும் போகும். மடல் தூக்காமல் செய்யும் பி.ஆர்.கே., ஸ்மைல் வகை லேசர் என்றால் தடயமே கிடைப்பது கடினம். இலவச முகாமில் ஒரே நாளில் நூறு பேரைப் பார்ப்பார்கள். வேனில் ஏறுவதற்கு முன்பே, பெயர் எழுதுகிற இடத்திலேயே, "எனக்கு லேசர் செய்திருக்கிறது" என்று சொல்லி அட்டையில் எழுத வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். எழுபது வயதில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகப்போவது அவர்கள்.

கணக்கு எவ்வளவு கவனமாகப் போட்டாலும், லேசிக் செய்த கண்ணில் அரை, முக்கால் பவர் விலகுவது மற்றவர்களைவிட அதிகம். தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்து வரும் மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று ஆசை காட்டினால் இரண்டாவது மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். லேசர் தொட்ட கருவிழியோடு அது எல்லோருக்கும் ஒத்துப்போவதில்லை. ஒரே தூரத்துக்கான சாதாரண மோனோஃபோகல் லென்ஸும் படிக்க ஒரு கண்ணாடியும் மட்டமான முடிவு கிடையாது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகளும், நோயுற்ற கண்களை வரைந்த ஓவியங்களும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. இருநூறு வருடத்துக் கேஸ் ஷீட்டை அரண்மனை பத்திரமாக வைத்திருக்கிறது. நம் வீட்டில் இருபது வருடத்து லேசிக் ஃபைல் கிடைக்கிறதா?

அதைத்தான் கேட்க வந்தேன். வேதாரண்யத்தில் வீடு. 2018 கஜா புயலில் எல்லாக் காகிதமும் நனைந்து போயிற்று. ஃபைல் இல்லை. என்ன செய்வது?

முதலில் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு போன் போடுங்கள். 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதே விதி, ஆனாலும் பெரிய இடங்களில் கம்ப்யூட்டரில் பழையது கிடைப்பதுண்டு. பெயர், ஆபரேஷன் செய்த மாதம், அப்போது கொடுத்திருந்த செல்போன் எண் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் பீரோவைக் குடைந்து ஆபரேஷனுக்கு முன் போட்டிருந்த கண்ணாடியைத் தேடுங்கள். கீறல் விழுந்திருந்தாலும் ஃபிரேம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. லென்சோமீட்டரில் வைத்தால் அதன் பவரைப் படித்துவிடலாம். "இடது மைனஸ் 5.50, வலது மைனஸ் 6" என்ற ஒரு வரி கிடைத்தாலே எவ்வளவு தட்டையாக்கினார்கள் என்று மருத்துவருக்குப் பிடி கிடைத்துவிடும். அதுவும் இல்லையா? பழைய விவரமே கேட்காமல், இன்றைய அளவுகளை வைத்தே கணக்குப் போடும் சூத்திரங்களும் இருக்கின்றன. மேலே சொன்ன மூன்றும் அப்படி வேலை செய்யக்கூடியவை. கலங்க வேண்டாம்.

ஃபைல் இருப்பவர்கள் இன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டியவை: ஆபரேஷனுக்கு முந்தைய பவர், கருவிழி வளைவைக் காட்டும் கே ரீடிங், கருவிழித் தடிமன், எடுத்த ஆழம், சில மாதம் கழித்து நிலைத்த பவர். பட்டா, ரேஷன் கார்டு இருக்கும் அதே இடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.

கண் அழுத்தம் 16தான் என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

அவர்களிடம் லேசிக் செய்ததைச் சொன்னீர்களா? அழுத்தம் பார்க்கும் கருவி கருவிழியைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கிறது. மெலிந்த கருவிழி சுலபமாக அமுங்கும், எண் குறைவாகக் காட்டும். 16 என்பது உண்மையில் அதைவிட அதிகமாக இருக்கலாம். எவ்வளவு அதிகம் என்று சொல்லத் திட்டவட்டமான திருத்தம் எதுவும் கிடையாது. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் பார்வை நரம்பைப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேனும் பார்வைப் புலப் பரிசோதனையும் செய்வார்கள். மைனஸ் பவர்காரர்களுக்குக் கண் அழுத்த நோய் வரும் வாய்ப்பே மற்றவர்களைவிடக் கூடுதல். வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்னும் கூடுதல். வலியே இல்லாமல் வரும் நோய் இது, போன பார்வை திரும்பாது.

இப்போது எனக்குப் பவரே இல்லையே, வருடா வருடம் கண்ணைக் காட்ட வேண்டுமா?

பவர் போய்விட்டது, கண்ணின் நீளம் போகவில்லை. மைனஸ் 7 கண் சாதாரணக் கண்ணைவிட இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளம். உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசர் முன்பக்கம் என்ன செய்தாலும் அது அப்படியேதான். விழித்திரை கிழியவோ பிரியவோ உள்ள ஆபத்து பழைய மைனஸ் 7-க்கு உரியதே. திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொத்தாகப் பறப்பது, ஓரத்தில் மின்னல் வெட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் மறைப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே தஞ்சாவூரோ திருச்சியோ விழித்திரை மருத்துவர் இருக்கும் இடத்துக்குக் கிளம்புங்கள். "வெள்ளிக்கிழமை போகலாம்" என்று தள்ளிப்போட்டால் பார்வையின் நடுப்பகுதியே போய்விடலாம்.

சர்க்கரை இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்ப்பது கட்டாயம். இன்னொன்று: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் பவரும் கூடவே ஆடும். லேசிக் செய்த சிலர் "பவர் திரும்பி வந்துடுச்சு சார்" என்று வரும்போது நான் முதலில் கேட்பது கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று.

கண் உறுத்துகிறது, காய்ந்தாற்போல இருக்கிறது. இதுவும் லேசிக்காலா?

பாதி லேசிக், பாதி வயது என்று வைத்துக்கொள்ளலாம். மடல் தூக்கும்போது கருவிழியின் நுண் நரம்புகள் அறுபடும். ஆறு மாதம், ஒரு வருடத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தேறிவிடும், சிலருக்கு முழுதாகத் தேறாது. அதன்மேல் மாதவிடாய் நிற்கும் வயது, ஏ.சி., நாள் முழுக்கத் திரை, சளிக்குப் போடும் மாத்திரை எல்லாம் சேரும். பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு நல்லது. மெடிக்கல் ஷாப்பில் "கண் சிவப்புக்கு" என்று எடுத்துத் தரும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வரவழைக்கும்.

சம்பா அறுவடையில் நிற்கிறேன். நெல் தூசு பட்டால் மடல் பெயர்ந்துவிடுமா?

தூசுக்கெல்லாம் பெயராது. ஆனால் மடலின் ஓரம்தான் ஒட்டுகிறது, உள்பரப்பு பழைய வலுவுக்கு வருவதே இல்லை. பல வருடம் கழித்தும் மருத்துவர் அதே மடலைத் தூக்க முடிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிளை விசிறி அடிப்பது, விரல் நகம் குத்துவது, மாட்டுக் கொம்பு படுவது போன்ற அடிகளில் வருடங்கள் கழித்தும் நகர்ந்தது உண்டு. ஸ்மைல், பி.ஆர்.கே. செய்தவர்களுக்கு மடல் கிடையாது, அந்தக் கவலையும் இல்லை.

எனக்கு மடலைவிடப் பெரிய பயம் பூஞ்சை. நெல்லின் சுணையோ உமியோ கருவிழியைக் கீறினால் அதன் வழியே பூஞ்சை இறங்கிப் புண்ணாகும். லேசிக் செய்யாத கண்ணுக்கும் இதே கதைதான். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் போடுவது எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு சொட்டு பட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கதிர் அறுக்கும் இயந்திரத்தின் பக்கம் நிற்கும்போது பக்கவாட்டிலும் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டால் போதும்.

ராத்திரி எதிரே வரும் லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறது. வயதானால் கூடுமா?

லேசிக்கால் வந்த வளையம் கொஞ்சம் குறையத்தான் வாய்ப்பு, வயதானால் இருட்டிலும் கண்மணி முன்புபோல விரியாது. இருபது வருடம் இல்லாமல் புதிதாக வந்திருந்தால் அது கண்புரையாகவோ திரும்பி வந்த பவராகவோ இருக்கலாம்.

மகளுக்கு 20 வயது, மைனஸ் 4. வரன் பார்க்கிறோம். கண்ணாடியை எடுத்துவிட்டால் நல்லது என்கிறார்கள் உறவுக்காரர்கள். இருபது வருடம் கழித்து அவளுக்கு என்ன ஆகும்?

ஒரு வருடமாகப் பவர் அரைக்குள் நிலையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 20 வயதில் ஏறிக்கொண்டிருக்கும் பவரை எடுத்தால் மிச்சம் ஏறுவது ஏறத்தான் செய்யும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பவர் மாறலாம் என்பதால் அப்போது செய்ய மாட்டார்கள். கருவிழி வரைபடம் சரியாக இருந்து, தடிமனும் இருந்து, அவளே விரும்பினால் செய்யலாம். 2009-இல் உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் லேசிக் செய்தவர்களில் 95 சதவீதம் பேர் திருப்தி என்றே சொல்லியிருந்தார்கள். 40-இல் படிக்கும் கண்ணாடி வரும் என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்காக மட்டும் என்றால், என் பெண்ணாக இருந்தால் நான் அனுப்ப மாட்டேன்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

7.5 டயாப்டருக்குக் குறைந்த பவருக்குச் செய்யும் லேசருக்கு மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் வராது. கண்புரை ஆபரேஷனுக்கு வரும், காத்திருப்புக் காலத்தைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு லேசிக் செய்ததைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைக்க வேண்டாம்.

கண் தானம் செய்யப் பதிவு செய்திருக்கிறேன். லேசிக் செய்த கண்ணை எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். கருவிழியை முழுத் தடிமனோடு மாற்றிப் பொருத்த அது பயன்படாது. கருவிழியின் உள் அடுக்கை மட்டும் மாற்றும் சிகிச்சைக்கு, செல்கள் நன்றாக இருந்தால், பயன்படுத்தலாம். எதற்கு ஆகும் என்று பார்ப்பது கண் வங்கியின் வேலை. வீட்டார் செய்ய வேண்டியது இறப்புக்குப் பின் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வது, அதுவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து மின்விசிறியை நிறுத்துவது, வருகிறவரிடம் லேசிக் செய்த விஷயத்தைச் சொல்வது.